குருத்து, காவோலை, சாம்பல்

பனையின் கொண்டையில் எப்போதும் ஒரு ஓலை பிறந்துகொண்டிருக்கும். நல்ல மரம் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஓலை விடும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று. விரிந்து கிடக்கும் பச்சை ஓலைகளுக்கு நடுவே, மூடி வைத்த விசிறி மாதிரி, வெயில் படாத வெளிர் மஞ்சள் நிறத்தில் நிமிர்ந்து நிற்பது குருத்து. ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி நோக்கிப் போனால் வழிநெடுக இந்த மரங்கள்தான். அங்கே குருத்துக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கொட்டான் முடையலாம், பெட்டி பின்னலாம், பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை செய்து கொடுக்கலாம். ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, அந்தச் சனிக்கிழமையில் வெட்டப்படும் குருத்தின் விதி மட்டும் வேறு. மறுநாள் காலையில் அது ஊர்வலத்தில் உயரப் பிடிக்கப்படும். பத்துப் பதினோரு மாதம் கழித்துச் சாம்பலாகி, பிடித்தவர்களின் நெற்றிக்கே வந்து சேரும். நடுவில் உள்ள மாதங்களில் அது எங்கே இருந்தது, என்ன ஆனது என்று பார்த்தால் குருத்து ஞாயிறு என்ற நாளின் பொருளும் விளங்கிவிடும்.

நாளைக் குறிப்பது நிலவு. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. அதற்கு முந்தின ஞாயிறு குருத்து ஞாயிறு. தமிழ்க் கணக்கில் இது கிட்டத்தட்ட எப்போதும் பங்குனியில் விழும். முருகன் கோயில்களில் காவடி எடுக்கும் பங்குனி உத்திரமும் முழுநிலவை ஒட்டியே வருவதால், பல ஆண்டுகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து நாட்களாக அமைந்துவிடும். 2025-இல் ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம், 13-ஆம் தேதி குருத்து ஞாயிறு, 14-ஆம் தேதி சித்திரை முதல் நாள். 15-ஆம் தேதி விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. கரையோர ஊர்களுக்கு அது ஒரே வாரத்தில் இத்தனையும் கூடிய பங்குனி முடிவு.

பனைக்காட்டுக்கும் பங்குனி ஓய்வில்லாத மாதம். பனையேறிகள் விடியலில் மரமேறி, பாளை சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயங்களைக் கட்டி இறங்குவார்கள். மாலையில் மறுபடியும் ஏறுவார்கள். பதநீர் இறக்குகிற மரத்துக் குருத்தில் யாரும் கை வைப்பதில்லை. மரத்துக்குச் சர்க்கரை சமைத்துக் கொடுப்பது ஓலை. ஓலையைக் குறைத்தால் கலயம் வற்றும். ஆகவே ஆலயத்துக்கான குருத்தை இளம் பனைகளான வடலிகளில் பார்ப்பார்கள். வடலி உயரம் குறைவு, ஆனால் இரக்கமும் குறைவு. மட்டையின் இரு ஓரமும் அரம்போல் கருக்கு. பழகாத கை உள்ளே போனால் கீறலோடுதான் வெளியே வரும். அரிவாள் போடும் இடமும் தெரிய வேண்டும். பனைக்குக் கிளை கிடையாது. அதன் உயிர் முழுதும் கொண்டையின் நடுவில் உள்ள முளையில் அடங்கியிருக்கிறது. அடியோடு வாரினால் மரம் போய்விடும். முளைக்கு மேலே, ஓலைப் பகுதியை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டால் அடுத்த குருத்து தானாக எழும்பும். ஒரு மரத்தில் ஒரு குருத்து. மறு ஆண்டு வேறு மரம். பரம்பரையாய்ப் பனையோடு பழகியவர்களின் கணக்கு இது.

இந்த ஓலைக்கும் எருசலேமுக்கும் என்ன உறவு? நேரடி உறவு இல்லை. இயேசு கழுதைக்குட்டியின் மேல் எருசலேமுக்குள் நுழைந்தபோது மக்கள் எடுத்துவந்தது பேரீச்ச மரத்தின் ஓலை. யோவான் நற்செய்தி அதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. யூத நாட்டில் அந்த ஓலை வெற்றியின் அடையாளம். இயேசுவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், மக்கபேயர் குலத்துச் சீமோன் எருசலேம் கோட்டையை அந்நியர் கையிலிருந்து மீட்டு உள்ளே நுழைந்தபோதும் மக்கள் அதைத்தான் ஏந்தினார்கள். கி.பி. 70-இல் எருசலேமை அழித்த ரோமாபுரி அந்த வெற்றிக்காக நாணயம் அடித்தபோது, பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண் அழுதபடி உட்கார்ந்திருப்பதாகப் பொறித்தது. வெற்றிக்கு நின்ற மரம் தோல்விக்கும் நின்றது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண், ஒலிவ மலையிலிருந்து மக்கள் இறங்கி நகருக்குள் வந்த பவனியை எழுதி வைத்திருக்கிறார். கைக்குழந்தைகளின் கையில்கூட ஓலையும் ஒலிவக் கிளையும் இருந்தனவாம். அந்தப் பவனி மெல்ல உலகெங்கும் பரவியது. பேரீச்சை மட்டும் கூடவே பரவவில்லை. போன இடத்தில் எது முளைத்ததோ அதையே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். இத்தாலியில் ஒலிவக் கிளை. குளிர் விலகாத போலந்தில் அரும்பு விட்ட வில்லோக் குச்சி. ஸ்பெயினின் எல்ச்சே நகரில் பேரீச்சந்தோப்பே உண்டு. அங்கே ஓலை வெளுப்பாக இருக்க வேண்டும் என்று மரத்தின் கொண்டையை மாதக்கணக்கில் இறுக்கிக் கட்டி, வெயில் படாமல் மூடி வைக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வரவழைக்கும் வெளுப்பு நம் குருத்துக்குப் பிறவியிலேயே இருக்கிறது. பேரீச்சைக்கு நெருங்கிய உறவான ஈச்சை தமிழ்நாட்டுக் காடுகளிலும் உண்டுதான். ஆனால் முள்ளும் குறுகிய இலையுமான அதை விட்டுவிட்டு, பனையும் தென்னையும் எளிதாகக் கிடைக்கிற ஊர்க்காரர்கள் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கரைக்குக் கிறிஸ்தவம் பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை வழியாக வந்தது. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தத் துறைமுகங்களுக்கு வந்தார். அவரது சபையைச் சேர்ந்த துறவி அந்தோனியோ கிரிமினாலி 1549-இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று அவரைச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து மூக்கையூர் முதல் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வேர்க்கோடு வரை கடலை ஒட்டிக் கிறிஸ்தவ ஊர்கள் நிலைத்துவிட்டன. 1987-இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்த சிவகங்கை மறைமாவட்டத்தின் கீழ் இப்போது இவை வருகின்றன. தீவுக்குள் தென்னந்தோப்புகள் அதிகம் என்பதால் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் தென்னங்குருத்தும் கலந்து வரும். கடற்கரைப் பவனியில் எல்லார் கையிலும் ஒரே ஓலை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒருநாளும் இருந்ததில்லை.

ஞாயிறு காலையில் கூட்டம் ஆலயத்துக்குள் கூடாது. குருசடியிலோ கெபியிலோ தெருமுனையிலோ கூடும். சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் ராமேஸ்வரத்தில் ஞாயிறு காலையில்தான் கரை திரும்பும். கண்ணில் தூக்கம் கலையாத முகங்களும் பவனியில் இருக்கும். சாமியார் சிவப்புப் போர்வை அணிந்து வந்து, ஓலைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். எருசலேம் நுழைவு பற்றிய நற்செய்தி வாசிக்கப்படும். அப்புறம் ஓசன்னா பாட்டு, மேளம், மண் தெருவில் நடை. குட்டிப் பிள்ளைகளுக்கு ஓலை அவர்களைவிட உயரம். முன்னால் போகிறவர் முதுகைக் குத்தும், திட்டும் வாங்கும்.

ஆலயத்துக்குள் நுழைந்ததும் காற்று மாறிவிடும். அன்றைய திருப்பலியில் இயேசுவின் பாடுகள் முழுவதும் வாசிக்கப்படுகின்றன. ஒருவர் கதை சொல்ல, ஒருவர் மற்றவர்களின் பேச்சை வாசிக்க, சாமியார் இயேசுவின் சொற்களை வாசிப்பார். காட்டிக்கொடுத்தது, மறுதலித்தது, சிலுவையில் அறைந்தது வரை மக்கள் நின்றபடி கேட்பார்கள். தெருவில் ஓசன்னா பாடிய கூட்டமே, வாசிப்பில் சிலுவையில் அறையச் சொல்லும் கூட்டத்தின் குரலையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கையில் அதே ஓலை. நாளின் பொருள் இந்தத் திருப்பத்தில் இருக்கிறது. வெற்றிக் கோஷத்துக்கும் கொலைக் கூச்சலுக்கும் நடுவே ஐந்து நாள்தான் இருந்தது. இரண்டும் ஒரே ஊரின் தொண்டையிலிருந்து வந்தது. அதை மற்றவர்கள் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாதபடி ஓலையும் கையிலேயே இருக்கிறது.

தமிழர்களுக்கு இது அந்நியமான எண்ணமும் இல்லை. குருத்தோலைத் தோரணம் கல்யாண வீட்டுக்கும் உண்டு, இழவு வீட்டுக்கும் உண்டு. ஓலை ஒன்றுதான், மடிப்புதான் வேறு. மங்கலத்துக்கு ஒரு மடிப்பு, அமங்கலத்துக்கு ஒரு மடிப்பு. பந்தல்காரர் கைக்குத் தெரிந்த இந்த வேற்றுமையைத் தெரியாமல் மாற்றிக் கட்டிவிட்டால் ஊரே சண்டைக்கு வரும்.

நீண்ட வாசிப்பின்போது கைகள் சும்மா இருப்பதில்லை. ஓலையின் ஒரு மடிப்பைக் கிழித்து, நடுவிலுள்ள ஈர்க்கை உருவினால் இரண்டு கீற்று கிடைக்கும். ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் மற்றதைக் குறுக்கே வைக்க வேண்டும். நிமிர்ந்த கீற்றின் வாலை எடுத்துச் சந்தியைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றி, பின்பக்க மடிப்புக்குள் நுனியைச் செருகி இழுத்தால் சிலுவை. ஈரம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கீற்றின் ஓரம் சுருண்டு, மடித்த இடத்தில் வெடிக்கும். கைவேலை தெரிந்த பாட்டியின் பக்கத்தில் பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள். ஒரு கீற்று மிஞ்சினால் அது காத்தாடியாகிவிடும். பாடுகளின் வாசிப்பு முடிவதற்குள் பின்வரிசையில் ஒரு காத்தாடி சுற்றுவதும், யாரோ அதைப் பிடுங்கி வைப்பதும் எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது. இந்த ஒரு விதிதான் அதன் மீதி வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. வீட்டுக்கு வந்த சிலுவை, சுவரில் மாட்டிய திருஇருதயப் படத்தின் பின்னால் செருகப்படும். அல்லது நிலைப்படிக்கு மேலே ஆணியில் தொங்கும். படகின் முன்பகுதியான அணியத்தின் பக்கம் செருகி வைக்கிறவர்களும் உண்டு. கேரளத்து சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் அதற்கு அடுத்த வியாழனே ஒரு வேலை காத்திருக்கும். பெரிய வியாழன் இரவு சுடும் பெசகா அப்பத்தின் மேல், இந்த ஓலையைக் கிழித்துச் சிலுவையாக வைப்பார்கள். ஐரோப்பியக் கிராமங்களில் விளைச்சலுக்காக வயலில் நடுவதும், இடி மின்னலின்போது ஒரு துண்டை அடுப்பில் போடுவதும் பழைய வழக்கம். நம் ஊரில் அது பெரும்பாலும் ஓரிடத்தில் அமைதியாகக் காய்கிறது.

காய்ந்த ஓலைக்குத் தமிழில் காவோலை என்று பெயர். காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்ற பழமொழி தெரியாத ஊர் கிடையாது. நாளை நமக்கும் அதே கதிதான் என்று குருத்துக்குத் தெரியாது என்பது அதன் சாரம். மரத்திலிருக்கும்போது ஓர் ஓலை குருத்தாய்ப் பிறந்து, பச்சையாய் விரிந்து, காவோலையாய்த் தொங்கி விழ ஆண்டுகள் பிடிக்கும். விழுந்ததும் வீணாவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓலை கூரையானது, வேலியானது, கருப்பட்டி கட்டும் பெட்டியானது, கடைசியில் அடுப்பில் எரிந்தது. எதையும் எறியாத ஊருக்கு, எறியக் கூடாது என்ற விதியைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. படத்துக்குப் பின்னால் செருகிய ஓலை அந்த நெடிய வாழ்வை ஓர் ஆண்டுக்குள் வாழ்ந்து முடிக்கிறது. பங்குனியில் சந்தன நிறம். ஆடிக் காற்றில் வைக்கோல் நிறம். மார்கழியில் தொட்டால் உதிரும் பழுப்பு.

மாசி வாக்கில் கணக்கு முடிகிறது. நெற்றியில் சாம்பல் இடும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறுகளில், பழைய ஓலைகளைக் கொண்டுவரும்படி ஆலயத்தில் அறிவிப்பார்கள். ஒரு கூடையோ சாக்கோ வாசலில் இருக்கும். கோயில் வேலை பார்ப்பவர் அவற்றை இரும்புச் சட்டியில் இட்டு எரிப்பார். ஓலை படபடவென்று ஆளுயரத்துக்கு எரிந்து நொடியில் அடங்கும். ஈர்க்குகள்தான் பிடிவாதமாய்க் கிடக்கும். முழுக்க வெந்தால் சாம்பல் வெளுத்துவிடும், நெற்றியில் தெரியாது. கருமை மிச்சமிருக்கும்போதே தீயை அடக்கி, ஆறவிட்டு, நசுக்கி, துணியில் சலிக்க வேண்டும். சாக்கு நிறைய ஓலைக்குச் சில கைப்பிடிதான் தேறும். தண்ணீர் கலப்பதிலும் பக்குவம் உண்டு. சாம்பலில் காரம் இருக்கிறது. அதிகமாய்க் குழைத்துப் பூசினால் தோலைப் பதம் பார்த்துவிடும். ஆகவே பலர் உலர்ந்த தூளாகவே இடுகிறார்கள். சாமியார் பெருவிரலால் நெற்றியில் சிலுவை கீறி, மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே திரும்புவாய் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்வார். ரோமாபுரியில் உச்சந்தலையில் தூவுகிறார்கள். நெற்றியில் நீறு பூசும் பழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஊறிய மண்ணில், சாம்பலின் பொருளை விளக்க நெடிய பிரசங்கம் தேவைப்பட்டிருக்காது.

எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஓலை இவ்வளவு தூரம் வருவதில்லை. ராமநாதபுரம் நகரத்தில் மறைபணியாளர் சுவார்ட்ஸ் பெயரில் பள்ளி இருக்கிறது. சீர்திருத்தச் சபைகளின் நீண்ட வரலாறு இந்த மாவட்டத்துக்கு உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. தென்னிந்தியத் திருச்சபையாரும் குருத்தோலை ஞாயிறு என்று பவனி போகிறார்கள். பிள்ளைகள் ஓசன்னா பாடுகிறார்கள். ஆனால் அங்கே ஓலையின் பயணம் பெரும்பாலும் பவனியோடு நின்றுவிடும். சாம்பல் வரை போவதில்லை.

சாம்பல் நாளுக்கு இந்த மாவட்டத்தில் ஒரு தனி நினைவு உண்டு. லிஸ்பனில் பிறந்து, காவி உடுத்தி, அருளானந்தர் என்ற பெயரோடு மறவர் நாட்டில் மறைபணிக்காக நடந்தவர் ஜான் டி பிரிட்டோ. அவரிடம் திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர் தம் மனைவியரில் ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவர் நாட்டு அரசர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரி. பகை முற்றியது. பிரிட்டோ ராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டு அங்கே தலை வெட்டப்பட்டார். அது 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22-இல் வந்தது. அதைவிட முன்கூட்டி அது வரவே முடியாது. பின்னோக்கி எண்ணினால் பிப்ரவரி 4 திருநீற்றுப் புதன். உலகெங்கும் நெற்றிகளில் சாம்பல் ஏறிய அதே நாளில் ஓரியூர் மணலில் இரத்தம் சிந்தியது. 1947-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஓரியூருக்குப் போகிறவர்கள் இன்றும் அங்குள்ள செம்மண்ணை முடிந்து எடுத்துவருகிறார்கள்.

சாம்பலோடு தவக்காலம் தொடங்குகிறது. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா பெரும்பாலும் இந்த நாற்பது நாளுக்குள்தான் வரும். நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி கட்டிய சிற்றாலயத்திலிருந்து வளர்ந்த திருவிழா அது. இந்தியா, இலங்கை ஆகிய இரு கரைத் தமிழர்களும் அங்கே சேர்ந்து சிலுவைப் பாதை நடக்கிறார்கள். அவர்கள் திரும்பி வரும்போது பனைக்காட்டில் அடுத்த குருத்து தயாராகிக்கொண்டிருக்கும்.

இந்தச் சங்கிலி ஒருமுறை அறுந்தது. 2020-இல் குருத்து ஞாயிறு ஏப்ரல் 5. நாடே ஊரடங்கில் இருந்தது. ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன, பவனி இல்லை, ஓலை வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 17-இல் திருநீற்றுப் புதன் வந்தபோது எரிக்கப் புது ஓலை எங்கே இருக்கும்? படத்துக்குப் பின்னால் மறந்து கிடந்த 2019-ஆம் ஆண்டு ஓலைகள்தான் அப்போது கைகொடுத்திருக்க முடியும். சாம்பலைத் தலையில் தூவும்படி வத்திக்கானும் அந்த ஆண்டு நெறிமுறை அனுப்பியது. ஒரு ஞாயிறு விடுபட்டால் அடுத்த புதன் தடுமாறுகிறது. இரண்டும் இரண்டு பண்டிகை அல்ல; ஒரே ஓலையின் இரண்டு முனைகள்.

நோய் ஒரு தடவை அறுத்ததை மரக்குறைவு மெல்ல மெல்ல அறுக்கக்கூடும். மாநில மரம் என்ற பட்டம் இருந்தாலும், செங்கல் சூளைக்கும் வீட்டுமனைக்கும் பனைகள் விழுந்துகொண்டேயிருந்தன. 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் வழங்குவதாக அறிவித்தது. மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டவும் தடை வந்தது. மரம் மிஞ்சினாலும் ஏற ஆள் வேண்டும். உயிரைப் பணயம் வைக்கும் தொழில் அது, கூலியும் சொற்பம். பனையேறியின் மகன் வேறு வேலை தேடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. அப்படியும் ஆண்டுதோறும் ஆலயங்களுக்குக் குருத்து வந்து சேர்கிறது என்றால், கருக்கு கிழித்த கைகள் இன்னும் இருக்கின்றன என்று பொருள்.

பனங்கொட்டை ஊன்றினால் வடலியாகிக் குருத்து எடுக்கும் அளவுக்கு வரச் சில ஆண்டுகள் போதும்; பாளை விட்டுப் பதநீர் தரப் பதினைந்து ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். நாளைக் குறிக்க நிலவு தவறாமல் வந்துவிடும். ஓலைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பங்குனியில் பத்துக் குருத்து கேட்டு வாங்குகிற ஊர், ஐப்பசி மழையில் கண்மாய்க் கரையில் நூறு கொட்டையாவது ஊன்றிவிட்டு வந்து கேட்டால்தான் அது நியாயமான கேள்வி.